பேரிடரில் தானமும் தன்மானமும்



வெள்ளம் வருங்கால் எவர் குலத்தையும் கேட்பதில்லை. புயல் எவர் மதத்தையும் வினவுவதில்லை. ஆயினும், அவை போன பின்னர் வருகின்ற சோற்று வண்டி இவ்விரண்டையும் கேட்கின்றது. இயற்கை காட்டாத பேதத்தை மனிதன் காட்டுகின்றான். ஆகவே, பேரிடர்க் காலத்தில் மதச் சங்கங்கள் ஆற்றும் தொண்டுக்குப் பொருள் எங்கிருந்து வருதல் வேண்டும், அதனை எவர் கையால் எவ்விதம் வழங்குதல் வேண்டும் என்பவற்றை வெறும் நிர்வாகக் காரியங்கள் என்று தள்ளிவிடுதல் தகாது. இவை அறத்தைப் பற்றிய வினாக்கள். இவற்றுள் நம் போன்றோர்க்கு மிகவும் கடினமான வினா ஒன்று உண்டு. நேற்றுவரை வரிசையின் கடைசியில் நிறுத்தப்பட்டவர், பிறர்க்குக் கொடுக்கக் கடமைப்பட்டவரா? ஆம் எனின், யார்க்கு?

உலகிலுள்ள மதங்கள் யாவும் இடர்க்கால நிதி திரட்ட ஒவ்வொரு வழி வகுத்துள்ளன. சீக்கியர் தம் வருவாயில் பத்தில் ஒரு பங்கைத் தசவந்தம் என்று ஒதுக்குவர். இஸ்லாமியர் ஓராண்டு தம்மிடம் தங்கிய செல்வத்தில் நூற்றுக்கு இரண்டரை வீதம் ஜகாத் ஈவர். கிறிஸ்தவர் ஞாயிறு காணிக்கையாலும் தவக்கால உண்டியலாலும் பொருள் சேர்ப்பர். இராமகிருஷ்ண மிஷனார் 1897-ல் வங்காளத்து முர்ஷிதாபாத் மாவட்டப் பஞ்சத்தில் தொடங்கிய நிவாரணத் தொண்டை இன்றளவும் நடத்தி வருகின்றனர்.

2018 ஆகஸ்டில் கேரளம் வெள்ளத்தில் மூழ்கியபோது சீக்கியத் தொண்டர் கொச்சியில் அடுப்பு மூட்டி லங்கர் சோறு சமைத்தனர். அதே நாட்களில் திருவனந்தபுரம் கடற்கரையிலுள்ள பங்குக் கோயில்கள் அழைப்பு விடுக்க, மீனவர் தம் படகுகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டு உள்நாட்டுக்கு விரைந்து பல்லாயிரவரை மீட்டனர். அவர்களுள் செல்வர் எவரும் இலர். படகு ஒன்றே அவர்தம் முதல்; அது பாறையிலும் மதிலிலும் மோதி உடையும் என்று அறிந்தே கொண்டு போயினர். மலப்புறத்தில் ஒரு மீனவர் நீரில் மண்டியிட்டுத் தம் முதுகைப் படியாக்கி மாதர்களைப் படகில் ஏறச் செய்ததை நாடு முழுதும் கண்டது. கொடுப்பதற்குச் செல்வம் வேண்டும் என்று சொல்வோர் அம்முதுகைச் சற்றே நினைத்துப் பார்ப்பாராக.

இனி, பௌத்தர் நடத்தும் ஒரு பெருந்தொண்டைக் காண்போம். தைவான் தீவின் கீழ்க்கரையில் ஹுவாலியன் என்னும் ஊர் உள்ளது. அங்கே செங் யென் என்னும் பிக்குணியார் சில சீடருடன் எளிய வாழ்வு வாழ்ந்து வந்தார். 1966-ல் அவரைக் காண மூன்று கத்தோலிக்கக் கன்னியர் வந்தனர். உரையாடலின் இடையே, பௌத்தர் உயிர்களிடத்துக் கருணை பேசுகின்றனரே, அவர்கள் கட்டிய பள்ளி எங்கே, மருத்துவமனை எங்கே என்று கேட்டனர். அக்கேள்வி பிக்குணியார் உள்ளத்தில் தைத்தது. அவ்வாண்டே த்சூ சீ என்னும் சங்கம் பிறந்தது. கருணையும் நிவாரணமும் என்பது அப்பெயரின் பொருள்.

அச்சங்கத்தின் முதலீடு யாது? சீடப் பெண்டிர் நாள்தோறும் குழந்தைகளுக்கான காலணியில் ஆளுக்கொரு சோடி மிகுதியாகத் தைத்து விற்றனர். அவ்வூர்ப் பெண்கள் முப்பதின்மருக்கு மூங்கிலால் செய்த உண்டியல் கொடுக்கப்பட்டது. சந்தைக்குப் புறப்படுமுன் அதில் ஐம்பது காசு இட்டுச் செல்ல வேண்டும் என்பது ஏற்பாடு. திங்களுக்கு ஒருமுறை மொத்தமாய்ப் பதினைந்து டாலர் தந்துவிட்டால் ஆகாதா என்று சிலர் வினவினர். ஆகாது என்றார் பிக்குணியார். மொத்தமாய்த் தந்தால் மாதத்தில் ஒருநாளே பிறர் துயர் நினைவுக்கு வரும். நாள்தோறும் இட்டால் முப்பது நாளும் வரும் என்பது அவர் கருத்து. பணத்தைக் காட்டிலும் அந்நினைவே பெரிதென்று அவர் கொண்டமை காண்க.

இங்ஙனம் முளைத்த சங்கம் 1986-ல் ஹுவாலியனில் மருத்துவமனை திறந்தது. அதற்கு நிதி திரட்டிய காலத்தில் ஒரு ஜப்பானியச் செல்வர் 20 கோடி அமெரிக்க டாலர் தர முன்வந்ததாகவும், பலரும் சிறு சிறு பங்கு பெறும் வாய்ப்பு அதனால் அடைபட்டுப் போகும் என்று பிக்குணியார் அதனை ஏற்க மறுத்ததாகவும் அச்சங்கத்தார் கூறுவர். 1999 செப்டம்பர் 21-ல் தைவானில் நிலம் நடுங்கி 2,400 பேருக்கு மேல் மாண்டபோது, நீல உடை தரித்த அச்சங்கத் தொண்டர் விடியுமுன்பே இடிபாடுகளிடையே நின்றனர். வெளிநாடு செல்லும் தொண்டர் பயணச் செலவைத் தம் கைப்பணத்தினின்றே கொடுப்பர். பிக்குணியாரும் சீடரும் காணிக்கையை உண்ணாது, மெழுகுவர்த்தி முதலியன செய்து உழைத்தே உண்கின்றனர். இடருற்றோர்க்கெனத் திரட்டிய பணம் இடருற்றோர்க்கே போதல் வேண்டும் என்பது அவர்கள் விதி.

இவையனைத்தினும் மேலான விதி ஒன்று உண்டு. அரிசியோ கம்பளியோ கொடுக்கும்பொழுது தொண்டர் இரு கைகளாலும் ஏந்தி, தலை வணங்கிக் கொடுத்தல் வேண்டும். நன்றி சொல்ல வேண்டியவர் வாங்குபவர் அல்லர், கொடுப்பவரே என்று அங்கே கற்பிக்கின்றனர். இது வெறும் உபசாரமோ என்று ஐயுறுவோர் உண்டு. அன்று என்க. கொடுப்பவன் நிமிர்ந்தும் வாங்குபவன் குனிந்தும் நிற்பது உலக வழக்கு. அவ்வழக்கே சாதியின் வித்து. அதனைத் தலைகீழாக்காத தானம் பசியைத் தணிக்கும், இழிவை வளர்க்கும்.

ஆலைத் தொழிலாளர் இதனை நன்கறிவர். நாம் தறிக்கூடத்தில் நின்ற காலத்தில், உடன் உழைத்தவர் வீட்டில் சாவு நேர்ந்தால், சம்பள நாளன்று வாயிலில் ஒரு துண்டு விரிக்கப்படும். வெளியே வருவோர் இயன்றதை இட்டுப் போவர். எவர் எவ்வளவு இட்டார் என்று ஒருவரும் பாரார். அப்பணத்தைப் பெற்ற குடும்பம் எவருக்கும் தலை குனிந்ததில்லை. அடுத்த திங்கள் வேறொருவருக்காகத் துண்டு விரிக்கப்படுங்கால் அக்குடும்பத்தாரும் இடுவர் அன்றோ? நிர்வாகம் தரும் உதவித் தொகையோ அதனினும் பெரிது. ஆனால் அதைப் பெற அலுவலக வாயிலில் நெடுநேரம் நின்று, கும்பிட்டு, கைநாட்டுப் போட்டு, வாழ்நாள் முழுதும் அதை நினைவூட்டக் கேட்க வேண்டும். துண்டிலிருந்து வந்த பணம் தோழனிடமிருந்து வந்தது. மற்றது எசமானிடமிருந்து வந்தது. இரண்டும் ஒரே கடையில் ஒரே அரிசியை வாங்கும். எனினும் இரண்டும் ஒன்றாகா.

ஆதலின், உதவி பெற்றவர் பின்னொருநாள் உதவுபவராக ஆதற்கு வழி திறந்துள்ளதா என்பதே நிவாரணத்தின் உரைகல். 2008 மே மாதம் நர்கிஸ் புயல் பர்மாவின் ஐராவதி வடிநிலத்தை அழித்தது. விதைநெல் இழந்த உழவர்க்கு த்சூ சீ சங்கத்தார் விதைநெல் தந்தனர். மூங்கில் உண்டியலின் வரலாற்றைக் கேட்ட அவ்வுழவர், எம்மிடம் காசில்லை, அரிசி உண்டு என்று சொல்லி, உலையில் இடுமுன் நாள்தோறும் ஒரு பிடி எடுத்து வைத்து, தம்மினும் வறியோர்க்கு அளிக்கத் தொடங்கினர். பிடியரிசி நம் பெண்டிர் அறியாததன்று. 2009-ல் பிலிப்பைன்ஸ் நாட்டு மரிக்கினா நகரில் வெள்ளத்தால் உதவி பெற்றோருட் பலர், 2013 நவம்பரில் தக்லோபான் நகரைப் புயல் தகர்த்தபோது அங்கே தொண்டராய் வந்து நின்றனர். தக்லோபான் மக்களுக்குச் சும்மா பணம் வீசப்படவில்லை. தம் தெருவின் இடிபாடுகளைத் தாமே அகற்றியதற்கு நாளொன்றுக்கு 500 பெசோ கூலி தரப்பட்டது. வீடிழந்தவன் கையேந்தாது உழைத்து ஊரை மீட்டான். அம்மக்களில் மிகப்பெரும்பாலோர் கத்தோலிக்கர். அவர்களை எவரும் மதம் மாறச் சொன்னதில்லை.

நம் தமிழ்ப் பௌத்த நூலாகிய மணிமேகலையில் இவ்வறம் முன்னரே விளங்குகின்றது. ஆபுத்திரன் யார்? பிறப்பின் பேரால் இகழப்பட்டவன். வேள்விப் பசுவை விடுவித்த குற்றத்திற்காக அந்தணர் அவனை ஊரைவிட்டே துரத்தினர். அவன் ஏந்திய பிச்சைப் பாத்திரத்தில் கல்லை இட்டனர். அவன் மதுரைக்கு வந்து சிந்தாதேவி கோயிலில் தங்கி, வீடுதோறும் இரந்து, கிடைத்ததைத் தான் உண்ணுமுன் குருடரையும் செவிடரையும் முடவரையும் நோயாளரையும் ஆதரவற்றோரையும் கூவி அழைத்து ஊட்டி, எஞ்சியதையே உண்டான். அமுதசுரபி அவன் கைக்கு வந்தது அதன் பின்னரே என்பதை மறவற்க. அள்ள அள்ளக் குறையாத பாத்திரம் கிடைத்ததால் அவன் வள்ளலானான் அல்லன். ஓட்டில் விழுந்த பிச்சையைப் பகிர்ந்தபோதே வள்ளலாயினான். நம்மிடம் ஒன்றுமில்லையே, நாம் எதைக் கொடுப்பது என்று கேட்போர்க்கு ஆபுத்திரன் வாழ்வே விடை.

இனி, மேலே குறித்த கடினமான வினாவுக்கு வருவோம். 2004 டிசம்பர் 26-ல் கடல் பொங்கியபோது நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் மாண்டனர். சூடாமணி விகாரம் நின்ற அந்நாகையிலே, ஒடுக்கப்பட்ட மக்கள் நிவாரண முகாம்களில் ஒதுக்கப்பட்டனர். பொதுத் தொட்டியில் நீர் மொள்ளத் தடுக்கப்பட்டனர். படகும் வலையும் இழந்தோரே பாதிக்கப்பட்டோர் என்று கணக்கெடுத்ததால், கரையில் கூலி வேலை செய்து பிழைத்தோர் பட்டியலிலேயே ஏறாது போயினர். ஆய்வு செய்த பல அமைப்புகள் இவற்றைப் பதிவு செய்துள்ளன. அழுகிய உடல்களை எடுக்க யார் அழைக்கப்பட்டனர்? பிற நகராட்சிகளின் துப்புரவுத் தொழிலாளர். பிணம் தூக்குவதில் முதலிடம், சோற்று வரிசையில் கடையிடம்! அதற்கு ஏறத்தாழ நான்காண்டு முன்னர், 2001 ஜனவரி 26-ல் நிகழ்ந்த குஜராத் நிலநடுக்கத்தின் பின்னரும், சாதிவாரியாகத் தனித்தனி முகாம்கள் இருந்தன என்று அறிகின்றோம்.

இவ்வனுபவம் உடைய நாம் ஒரு நிவாரண நிதி திரட்டினால் அதை யார்க்குக் கொடுப்பது? நம்மவர்க்கே என்பர் சிலர். நம்மை எவரும் கவனிப்பதில்லை, நம் பணமும் பிறர்க்குப் போனால் நம் மக்கள் கதி என்ன என்பது அவர் வாதம். இவ்வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆயினும் ஊன்றி நோக்குமின். நம்மவர் முதல் என்பது வேறு. கடையில் நிற்பவர் முதல் என்பது வேறு. முன்னது பிறப்பைக் கேட்கின்றது. பின்னது துன்பத்தைக் கேட்கின்றது. இன்றைய நிலையில் இரண்டும் பெரும்பாலும் ஒரே குடிசைக்கே நம்மை அழைத்துச் செல்லும் என்பது உண்மை. ஆனால் ஒருநாள் அக்குடிசைக்கு அப்பால், எந்த வண்டியும் எட்டிப் பாராத வேறொரு குடிசை இருக்கும். அதில் இருப்பவர் நரிக்குறவராகலாம். வடநாட்டினின்று கட்டட வேலைக்கு வந்து சீட்டு ஏதுமின்றித் தங்கியிருக்கும் கூலியாகலாம். நம்மவர் முதல் என்ற விதி அவரைக் கடந்து போகும். கடையில் நிற்பவர் முதல் என்ற விதி அவர் வாயிலில் நிற்கும். எவ்விதி தம்மத்திற்கு உகந்தது என்பதை நாம் சொல்லவும் வேண்டுமோ?

மேலும் ஒருபடி செல்வோம். நேற்று நமக்கு நீர் மறுத்தவர் வீட்டிலும் இன்று வெள்ளம் புகுந்துள்ளது. அவர்க்கும் கொடுப்பதா? கொடுக்கத்தான் வேண்டும். பழி தீர்த்தல் போல் இனிப்பது வேறில்லை. ஆனால் அப்பொழுது அவர் நம்மிடம் செய்ததை நாம் அவரிடம் செய்து, அவர் கொள்கையே சரி என்று மெய்ப்பித்தவர் ஆவோம். கொடுக்குங்கால் அவர் பழைய கொடுமைக்கு வருந்த வேண்டும் என்று கேட்பதும் தகாது. பசித்தவனிடம் வாக்குமூலம் வாங்குதல் வாணிகம். ஆயினும் ஒன்றில் நாம் அணுவளவும் இணங்குதல் ஆகாது. பந்தி ஒன்றே, வரிசை ஒன்றே, பாத்திரம் ஒன்றே. சீக்கியர் லங்கரில் அரசனும் ஆண்டியும் ஒரே நிரையில் அமர்கின்றனர். அவ்வரிசையில் உட்கார மனம் இல்லாதவர்க்கெனத் தனிப் பந்தி விரித்தல் கருணை ஆகாது, கோழைமையாகும். குழந்தைக்கும் நோயாளிக்கும் முதியவர்க்கும் சோற்றை இருக்குமிடத்திற்கே கொண்டு போகலாம். நடக்க வல்லவன் வரிசைக்கு வரட்டும். சோறு ஆறும்வரை காத்திருப்போம், பந்தியைப் பிரியோம்.

நிவாரணம் அரசின் கடமை அன்றோ, ஏழை ஏன் உண்டியல் குலுக்க வேண்டும் என்னும் தடை எழும். உண்மைதான். தீப்பெட்டிக்கும் நாம் வரி செலுத்துகின்றோம். 2005-ல் நாடாளுமன்றம் பேரிடர் மேலாண்மைச் சட்டம் இயற்றியுள்ளது. நிவாரணம் பிச்சையன்று, உரிமை. சங்கத்தின் அரிசி மூட்டை அவ்வுரிமையை மூடும் திரையாகிவிடல் கூடாது. ஆனால் நள்ளிரவில் கூரைமேல் நிற்பவர்க்கும் மறுநாள் வரும் அதிகாரிக்கும் இடையே சில நாழிகைகள் உள்ளன. அவை அண்டை வீட்டாருக்கு உரியவை. அதன் பின்னரும் தொண்டர்க்கு வேலை உண்டு. எவர் பெயர் பட்டியலில் விடுபட்டது என்று வீடுவீடாய்க் கேட்டு எழுதி, அதிகாரி முன் வைத்து, ஏற்றும்வரை நகராது நிற்பது ஒரு மூட்டை அரிசியினும் பெரிய தானம். எழுத்தறிந்த நம் இளைஞர்க்கு இதனினும் உயர்ந்த தொண்டு இல்லை.

நிதியைப் பற்றி வெளிப்படையாகவே பேசுதல் வேண்டும். மதத்தின் பேரால் திரட்டும் பணத்தில் ஐயம் எழுதல் இயல்பு. அவ்வளவு புகழ் பெற்ற த்சூ சீ சங்கமும், தைப்பே நகரில் நெய்ஹூ என்னும் இடத்தில், காப்புப் பகுதியாக வகுக்கப்பட்ட நிலத்தில் கட்டடம் எழுப்ப முயன்று எதிர்ப்புக்கு ஆளாகி, 2015-ல் அத்திட்டத்தைக் கைவிட நேர்ந்தது. உங்கள் சொத்துக் கணக்கு எங்கே என்று மக்கள் கேட்டனர். அது பகைவர் கேள்வி அன்று. காசு இட்டவரின் உரிமை. நற்பெயர் கணக்கேட்டுக்கு ஈடாகாது. வெளிநாட்டுச் சங்கத்தார் நமக்கு அனுப்புவர் என்று காத்திருத்தலும் வீண். அயல்நாட்டு நன்கொடையை ஒழுங்குபடுத்தும் 2010-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பதிவோ அனுமதியோ பெறாத சங்கம் அதனைப் பெறல் ஆகாது. நம் கைக்காசே நமக்கு விடுதலையான காசு.

அண்ணல் அம்பேத்கர் 1956 அக்டோபரில் நாகபுரியில் தம்மம் தழுவியோரிடை உரையாற்றுகையில், தம்மப் பணிக்கென வருவாயில் இருபதில் ஒரு பங்கு ஒதுக்குமாறு வேண்டினார். பகவன் சிகாலனுக்கு இல்லறம் உரைத்தபோது, வருவாயை நாற்கூறாக்கி ஒரு கூற்றை ஆபத்துக் காலத்திற்கெனச் சேமிக்கப் பணித்தனர். இவ்விரண்டு அறிவுரைகளையும் இணைத்து நோக்கின் நமக்கு வழி புலப்படும். ஒரு சங்கத்தில் 200 குடும்பங்கள் இருப்பதாகக் கொள்வோம். குடும்பத்திற்கு நாளொன்றுக்கு ஒரு ரூபாய் எனின், ஓராண்டில் 73,000 ரூபாய். ஒரு பெருவெள்ளத்திற்கு இது போதாது. ஆனால் முதல் மூன்று நாள் கஞ்சிக்கும், பால்மாவுக்கும், பாய்க்கும் தொடக்கமாகும். வெள்ளம் வந்த பின்னர் வசூலுக்குப் புறப்படும் சங்கம் தீப்பிடித்த பின்னர்க் கிணறு வெட்டுவதற்கு ஒப்பாகும்.

அதற்கான ஒழுங்கை நாம் இவ்வாறு கருதுகின்றோம். உண்டியல் ஒவ்வொரு வீட்டு அடுப்பங்கரையிலும் இருக்கட்டும். நாள்தோறும் இடுவது குழந்தையின் கையாக இருக்கட்டும். திரண்ட பணத்தின் பெட்டிக்கு இரு பூட்டுகள் வேண்டும். ஒரு சாவி பெண்ணொருவரிடம் இருத்தல் வேண்டும். உபதேசம் செய்பவரிடம் எச்சாவியும் இருத்தல் ஆகாது. பௌர்ணமிக் கூட்டந்தோறும் வரவு செலவை உரக்கப் படித்தல் வேண்டும். தொண்டர் தம் பயணத்துக்கும் உணவுக்கும் தாமே செலவு செய்வாராக. வாங்குபவர் முகத்தைப் படம் பிடித்து ஊருக்குக் காட்டுதல் வேண்டாம். சோற்றுப் பொட்டலத்தோடு பிரசாரத் தாளைச் சேர்த்துத் தருதல் வேண்டவே வேண்டாம். தம்மத்தை அறிய விரும்புவோர் பசி தீர்ந்த பின்னர், வெள்ளம் வடிந்த பின்னர், தாமே வருவர்; வாராவிடினும் குறைவில்லை.

அன்பர்காள்! கொடுக்கும் உரிமை இந்நாட்டில் நெடுங்காலம் சிலர்க்கே இருந்தது. நம் முன்னோர் கையில் ஓடு இருந்தது, கரண்டி இருந்ததில்லை. நம்மிடமிருந்து பெற்றால் தீட்டு என்று சொல்லி, நம் கொடையையும் தள்ளினர். ஆதலின், உண்டியலில் நாம் இடும் ஒவ்வொரு காசும் ஒரு மனிதன் மற்றொரு மனிதனுக்கு நிகர் என்று சொல்லும் சொல்லாகும். கரண்டி நம் கைக்கு வரும் நாளில் பழைய எசமானரைப் போல் அதைப் பிடிப்போமா, ஆபுத்திரனைப் போல் பிடிப்போமா என்பதிலேயே நாம் தழுவிய தம்மம் உண்மையா பொய்யா என்பது விளங்கும். அடுத்த மழைக்காலம் வருமுன் அடுப்பங்கரையில் ஓர் உண்டியல் வைப்பீராக.

எல்லா உயிரும் துயர் நீங்கி வாழ்க!